பால்வாடியும் ஒன்றரை ஷிப்டும்

திருப்பூரில் வேலை நேரத்தை யாரும் மணியில் சொல்வதில்லை, ஷிப்டில்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஏற்றுமதி ஆர்டர் கப்பலேற வேண்டிய வாரங்களில் ஒன்றரைதான் வாடிக்கை. ஐந்தரைக்கே கைப்பையை எடுக்கும் பெண்ணை சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த ஆர்டருக்கு உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை அது.

எங்கள் தெருமுனைப் பால்வாடிக்கு இந்தக் கணக்கு தெரியாது. அரசு அதற்கு அங்கன்வாடி என்று பெயர் வைத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஊருக்கு அது இன்னும் பால்வாடிதான். காலை ஒன்பது மணிவாக்கில் திறக்கும். பாட்டு, கதை, மதியம் கலந்த சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை, பிறகு பாய் விரித்து ஒரு தூக்கம். மூன்றரை, நான்கு மணிக்குள் பூட்டு விழுந்துவிடும். பனியன் கம்பெனியில் அப்போதுதான் சாயங்கால டீ வந்துகொண்டிருக்கும்.

யார் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்தேன். பாதிக்கு மேல் பாட்டிகள். வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் இரண்டு பேர். சாயப்பட்டறையில் இரவு வேலை பார்க்கும் ஒரு அப்பா, தூக்கம் கலையாத கண்ணோடு வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப்பையோடு ஓடிவந்த ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஏழாம் வகுப்பாம். அவளுடைய வீட்டுப்பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மீதி மூன்று குழந்தைகளுக்கு யாரும் வரவில்லை. ஆயா கட்டடத்தைப் பூட்டி, சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, மூன்றையும் அழைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். தகர ஷீட் போட்ட ஒற்றை அறை. இரவு எட்டே முக்கால் வரை பிள்ளைகள் அங்கேதான். தலைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். பன்னும் டீயும் அதற்குள் அடக்கம். அரை ஷிப்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய் சம்பாதிக்கும் தாய் அதில் ஐந்தில் ஒரு பங்கை ஆயாவுக்குக் கொடுக்கிறார். ஆயா பேராசைக்காரர் இல்லை. மூன்று பிள்ளைகளை ஐந்து மணி நேரம் பார்த்து நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறவரை அப்படிச் சொல்ல முடியாது.

அரசு நடத்த வேண்டிய குழந்தைக் காப்பகத்தின் முழு வரைபடமும் அந்தத் தகர வீட்டில் இருக்கிறது. தேவை இருக்கிறது, ஆள் இருக்கிறார், நம்பிக்கை இருக்கிறது, கட்டணம்கூட முடிவாகிவிட்டது. அரசின் பங்கு மட்டும் நான்கு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

வயிற்றைப் பார்த்த திட்டம்

பால்வாடியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு வித்து, மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் கொடுத்த அறிக்கை. தமிழ்நாடு அதைப் பற்றிக்கொண்ட வேகம் வேறெங்கும் இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் தட்டு வைத்தார். இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் சுவரில் அணிலும் ஆப்பிளும் வரைந்த ஒரு சிறு கட்டடம் இருக்கும். இந்தியாவில் பல மாநிலங்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

ஆனால் அந்தத் திட்டம் யாரை மனத்தில் வைத்து உருவானது என்று பாருங்கள். எடைக்குறைவான குழந்தை, தடுப்பூசி போட வேண்டிய குழந்தை, பள்ளிக்குத் தயாராக வேண்டிய குழந்தை. அந்தக் குழந்தையின் தாய் எங்கே? வீட்டில் இருக்கிறார். காலையில் கொண்டுவந்து விடுவார், மதியத்துக்குப் பின் வந்து கூட்டிப்போவார், இடையில் சத்துமாவு வாங்க வருவார், கூட்டம் போட்டால் உட்கார்ந்து கேட்பார். அவருக்கும் ஒரு முதலாளி உண்டு, அவருக்கும் ஒரு ஷிப்ட் உண்டு என்பது திட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை. பிள்ளையின் வயிற்றை அரசு பார்த்தது, தாயின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வயதுக் கணக்கைப் போட்டால் ஓட்டை இன்னும் நன்றாகத் தெரியும். 2017 திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 26 வாரம், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்வாடியில் பிள்ளையைச் சேர்ப்பது இரண்டு வயதில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு? அந்த வயதுக் குழந்தைக்கு அரசு சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கிறது, இருக்க இடம் கொடுப்பதில்லை. தவழ்ந்து, எழுந்து, விழுந்து, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிற பருவம். வீட்டில் ஒருவர் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய பருவத்தில்தான் அரசு முழுசாகக் காணாமல் போகிறது.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு அரசுக்குத் தெரியாததில்லை. தன் பெண் ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கியது. மத்திய அரசின் பெண் ஊழியர் பிள்ளை வளர்ப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு எடுக்கலாம். நல்லது, வேண்டியதுதான். அமைப்புசாராத் தொழிலாளிக்கோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய், அதுவும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து. அந்தப் பணமும் பெரிது என்றுதான் பயன்பெற்றவர்கள் சொல்கிறார்கள். பணம் தீர்ந்த பிறகு பிள்ளை இருக்கிறதே, அதுதான் கேள்வி.

முதலாளி தலையில் கட்டிய கதை

நம் நாட்டில் குழந்தைக் காப்பகத்துக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏராளமாக இருந்தன. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 30-க்கும் மேல் பெண்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் சொன்னது, 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டமும் சொன்னது, 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் சொன்னது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தி அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது.

இவற்றில் ஊரறிய நடந்தது ஒன்றே ஒன்று, மலைத்தோட்டத்தில். வால்பாறையானாலும் நீலகிரியானாலும், கடல் தாண்டி இலங்கை மலையகமானாலும், கொழுந்து பறிக்கும் பெண் முதலில் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் மலையேறுவார். மலையகத்தில் அந்த இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயரே உண்டு. துரைமார்களுக்குப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கியதால் வந்ததில்லை அது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள அந்த விரல்கள் வேண்டும். விரல்கள் மலைக்கு வர வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆயா வேண்டும். கணக்கு நேராக இருந்தது. பல இடங்களில் புகையும் ஈரமும் அடைந்த கொட்டகைதான். ஆனாலும் தாயின் உழைப்புக்கும் பிள்ளையின் இடத்துக்கும் உள்ள தொடர்பை அந்தத் தோட்டங்கள் பச்சையாகப் புரிந்துகொண்டிருந்தன.

மற்ற இடங்களில் சட்டமே எதிர்த்திசையில் இழுத்தது. 30 பெண்களைத் தாண்டினால் காப்பகம் என்றால், கணக்கான முதலாளி என்ன செய்வார்? முப்பதோடு நிறுத்திக்கொள்வார். அல்லது ஒரே கூரையின் கீழ் இரண்டு கம்பெனி நடத்துவார். இன்னும் கொஞ்சம் பெரியவர்கள் ஒரு அறையை ஒதுக்கி, தொட்டில் ஒன்று கட்டி, சுவரில் மிக்கி மவுஸ் ஒட்டி, பூட்டி வைத்திருப்பார்கள். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் அந்த அறை திறக்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள் உள்ள அப்படியொரு அறையை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளை எங்கே என்று கேட்டேன். "இங்க யாரும் கூட்டிட்டு வர்றதில்லீங்க" என்றார்கள். அதுவும் உண்மைதான். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு நாற்பது நிமிடம் வருகிறவர் கைக்குழந்தையோடு எப்படி வருவார்?

2017-இல் பேறுகாலப் பயன் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றார்கள். ஆணா பெண்ணா என்று பிரிக்காமல் மொத்தத் தலைகளை எண்ணியதால், பெண்ணைத் தவிர்க்க இருந்த ஒரு காரணம் ஒழிந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே 50 என்ற அளவை வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்தோ, அரசு அல்லது நகராட்சியின் காப்பகத்தைப் பயன்படுத்தியோ கடமையை நிறைவேற்றலாம் என்றும் வழி விட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்ற உரிமை மட்டும் இன்றும் தாய்க்குத்தான். அப்பாவுக்குப் பிள்ளை இருப்பது சட்டத்துக்குத் தெரிய இன்னும் எத்தனை திருத்தம் வேண்டுமோ.

ஆனால் 50 பேர் என்ற கோட்டுக்குக் கீழேதானே நம் ஊரே இருக்கிறது? பத்து பவர்டேபிள் போட்ட ஜாப்வொர்க் யூனிட், செக்கிங் சென்டர், வீட்டுவேலை, சித்தாள் வேலை, கடை, ஓட்டல். 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாம் மார்தட்டிக்கொள்ளும் இந்த எண்ணிக்கைக்குள் ஜாப்வொர்க் யூனிட் பெண்கள் பெரும்பாலும் வரவே மாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் எத்தனை லட்சம் பிள்ளைகள் தினமும் யார் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கான வழி நம்மிடமே இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள பெண் பேறுகால விடுப்பில் போனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி இல்லை, இ.எஸ்.ஐ. நிதி. ஊதியத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். ஆண்களை மட்டும் வைத்திருப்பவரும் கட்டுகிறார், பெண்களை மட்டும் வைத்திருப்பவரும் கட்டுகிறார். ஆகவே புதிதாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுத்தால் நஷ்டம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. காப்பகச் செலவையும் இப்படிப் பொதுப்பானையில் போட்டுப் பகிர்ந்தால் என்ன? கட்டுமானத் துறையில் செலவின் மீது நல வரி வேறு வசூலாகிறது. அந்த நிதி மாநிலங்களில் செலவாகாமல் குவிந்து கிடப்பதை உச்ச நீதிமன்றம் பல முறை கண்டித்திருக்கிறது. சித்தாள் பெண் மணல்மேட்டின் ஓரம் சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருக்கிறார், அவர் பெயரில் வசூலித்த பணம் வங்கியில் தூங்குகிறது.

மெலிந்துபோன தொட்டில்

மத்திய அரசுக்கும் காப்பகத் திட்டம் உண்டு. 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் வந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும், செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு கொடுக்கும். ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருந்தன. 2017-இல் பங்கீட்டை மாற்றினார்கள்: மத்திய அரசு 60, மாநிலம் 30, தொண்டு நிறுவனம் 10. மாநிலத்தின் பங்கு பல இடங்களில் வரவில்லை. வந்த இடத்திலும் காலத்தோடு வரவில்லை. சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏழாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு திட்டத்தை ரத்து செய்தால் கேள்வி வரும், பங்கீட்டை மாற்றினால் தானே வாடிவிடும்.

அந்தத் திட்டத்தில் காப்பகப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். 25 பிள்ளைகள், நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். உதவியாளருக்கு ஒரு நாளைக்கு அறுபது ரூபாய்கூட வராது. எங்கள் தெரு ஆயா சாயங்காலத்தில் மூன்று பிள்ளைகளை வைத்து எடுப்பதைவிடக் குறைவு. இந்தக் கூலியில் தரமான பராமரிப்பு வேண்டுமாம்.

2022-இல் திட்டத்துக்குப் பால்னா என்று பெயர் மாறியது. இந்தியில் தொட்டில் என்று பொருள். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து, நாடு முழுவதும் 17 ஆயிரம் மையங்கள் என்று இலக்கு வைத்தார்கள். கருத்து சரியானது. ஆனால் நம் மாநிலத்தில் மட்டுமே அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கும்போது, முழு நாட்டுக்கும் 17 ஆயிரம் என்பது தொட்டிலின் ஒரு கயிறு.

தொட்டில் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது வேறொன்று. 1992-இல் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது, பல உயிர்களைக் காத்தது. வளர்க்க முடியாத தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போக அரசு தொட்டில் கட்டியது. வளர்க்கத் துணிந்த தாய்க்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற தாய்க்கு, முப்பது ஆண்டு தாண்டியும் அப்படியொரு தொட்டில் ஊருக்கு ஊர் வரவில்லை.

வேலைக்குப் போகும் பெண்ணை அரசு நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பழி. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறது. தோழி விடுதிகள் கட்டுகிறார்கள், நன்றாகவே இருக்கின்றன. விடுதியில் தங்குகிறவர் பெரும்பாலும் இன்னும் தாயாகாதவர். தாயான பிறகு அவருக்கு வேண்டியது கட்டில் இல்லை, பிள்ளைக்கு ஒரு பாய். அந்த இடத்தில்தான் திட்டங்களின் நினைவு தப்பிவிடுகிறது. பிள்ளை பெறச் சொல்வதில் மட்டும் குறைவில்லை. தொகுதி மறுவரையறைச் சூட்டில் 2025-இல், முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளிடம் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு அதற்கும் முன்பே அதைச் சொல்லியிருந்தார். மண்டபத்தில் கைதட்டல் கேட்டிருக்கும். அந்த மணமகள் ஒரு ஆண்டு கழித்து வேலையை விடுவதா, பிள்ளையை மாமியாரிடம் விடுவதா என்று ஒற்றையா இரட்டையா போடும்போது பக்கத்தில் யார் இருப்பார்?

"மாமியார் இருக்கிறாரே, அம்மா இருக்கிறாரே" என்பது நம் வீடுகளில் தயாராக வைத்திருக்கும் பதில். பாதி உண்மை. இருக்கிறார், ஆனால் அவரும் வேலைக்குப் போகிறார். ஐம்பது வயதுப் பாட்டி நூறு நாள் வேலையிலோ, கம்பெனியில் பீஸ் அடுக்கவோ, யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கவோ போகிறார். வேறு ஜில்லாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துக்கு, ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த குடும்பத்துக்குப் பாட்டி ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் இருக்கிறார். தாத்தாக்களைப் பற்றி யாரும் பேசாததைக் கவனியுங்கள். 2024-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. அந்த 88-உம், அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான்.

மலிவாக மட்டும் இருந்தால் போதாது

அரசு பணம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் நல்ல சாட்சி. அங்கே 1997-இல் நாளுக்கு ஐந்து டாலர் என்று காப்பகக் கட்டணத்தை அரசு கட்டிப்போட்டது, மீதியைத் தானே ஏற்றது. சிறு பிள்ளைகளின் தாய்மார் கூட்டம் கூட்டமாக வேலைக்குத் திரும்பினார்கள். பியர் ஃபோர்ட்டான் என்ற பொருளியலாளர் தன் சகாக்களோடு கணக்குப் போட்டு, 2008-இல் ஏறத்தாழ எழுபதாயிரம் பெண்கள் கூடுதலாக வேலையில் இருந்தார்கள், அவர்கள் கட்டிய வரியே செலவை ஈடுகட்டிவிட்டது என்றார். 2021-இல் கனடா நாடு முழுவதுக்கும் இதை விரித்து, ஐந்தாண்டுக்கு 30 பில்லியன் டாலர் ஒதுக்கி, சராசரிக் கட்டணத்தை நாளுக்குப் பத்து டாலராக்க முனைந்தது.

கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அதே கியூபெக் பிள்ளைகளை ஆராய்ந்த வேறு மூன்று பொருளியலாளர்கள், திட்டம் வந்த பிறகு குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். வேகமாக விரித்தபோது எல்லா இடமும் ஒரே தரத்தில் அமையவில்லை. நல்ல மையங்களில் வரிசை நீண்டது, வசதியானவர்கள் முன்னால் நின்றார்கள், ஏழைப் பிள்ளைகள் சுமாரான இடங்களில் விழுந்தார்கள். இதைச் சொல்லிக் காப்பகமே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிவது வேறு. பிள்ளையைப் பார்க்கும் கைகளுக்குச் செலவழிக்காமல் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இதுதான் நடக்கும்.

தரம் என்றால் நம் ஊரில் உடனே ஏ.சி. அறையும் ஆங்கிலப் பாட்டும் என்று புரிந்துகொள்கிறோம். நகரத்தில் மாதம் பத்தாயிரம் ரூபாய் கேட்கும் டே கேர்களின் விளம்பரத்தைப் பார்த்துப் பழகிய கண். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தரம் என்பது, அழுதால் தூக்குவதற்கு ஒரு கை சும்மா இருப்பது. நேற்றுத் தூக்கியவரே இன்றும் தூக்குவது. ஈரத்துணியை மாற்ற நேரம் இருப்பது, ஊட்டும்போது அவசரப்படுத்தாமல் இருப்பது. ஒருவரிடம் பன்னிரண்டு கைக்குழந்தைகளைக் கொடுத்தால் அவர் தெய்வமாகவே இருந்தாலும் இது நடக்காது. எல்லாம் கடைசியில் சம்பளத்திலும் ஆள் எண்ணிக்கையிலும் வந்து நிற்கிறது.

அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசின் மதிப்பூதியம் 2018-இல் 4,500 ரூபாயாக உயர்ந்தது, உதவியாளருக்கு 2,250. இதற்குமேல் மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன, தமிழ்நாடு பரவாயில்லை. ஆனால் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், மதிப்பூதியம்தான். மதிப்பு அதிகம், ஊதியம் குறைவு. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. இவர்கள் தலையில்தான் எடை பார்ப்பது, பதிவேடு, போஷன் டிராக்கர் செயலி, வீடு வீடாகக் கணக்கு எல்லாம். அதற்குமேல் காப்பகத்தையும் ஏற்றினால் அது காப்பகமாக இருக்காது, இன்னொரு பதிவேடாகிவிடும். ஆகவே தனி ஆள் வேண்டும், அவருக்கு முழுச் சம்பளம் வேண்டும்.

எவ்வளவு ஆகும்? நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு பால்வாடியில் கூடுதலாக இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 15 ஆயிரம். பால், சிற்றுண்டி, மின்சாரம், சோப்பு, துணி என்று இன்னொரு பத்தாயிரம். மாதம் 40 ஆயிரம், ஆண்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். தொழில் ஊர்களிலும் நகரங்களிலுமாக முதலில் பத்தாயிரம் மையங்களை எடுத்துக்கொண்டால் 480 கோடி. மகளிர் உரிமைத் தொகை 1.15 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று இருந்தபோதே ஆண்டுக்கு 13,800 கோடி. அதைக் குறைக்கச் சொல்லவில்லை; அந்த ஆயிரம் ரூபாயின் அருமை வாங்குகிறவருக்குத்தான் தெரியும். அதில் நூற்றுக்கு மூன்றரை ரூபாய்தான் இந்தச் செலவு என்பதைச் சொல்கிறேன். என் கணக்கில் பிசகு இருக்கலாம், இரண்டு மடங்கே ஆகட்டும். அப்போதும் ஒரு நகரத்து மேம்பாலங்களுக்கு நாம் யோசிக்காமல் கொடுக்கிற தொகைக்குள் வந்துவிடும். பாலத்தில் போகும் கம்பெனி பஸ்ஸுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே செலவுதான்.

கர்நாடகம் இதில் ஒரு அடி முன்னால் வைத்திருக்கிறது. 2023-இல் "கூசின மனே", குழந்தை வீடு, என்ற பெயரில் நான்காயிரம் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்களை அறிவித்தது. நூறு நாள் வேலைக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்துப் பராமரிப்பாளர்களாக வைத்தார்கள். குறைகள் இருக்கும், பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தாயின் வேலை நேரத்தை வைத்துப் பிள்ளையின் இடத்தைத் திட்டமிட்டது அங்கே நடந்திருக்கிறது. சத்துணவில் நம்மைப் பார்த்து மற்றவர்கள் கற்றார்கள், இதில் நாம் பக்கத்து வீட்டைப் பார்த்தால் கௌரவம் குறைந்துவிடாது.

கட்டணம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். இலவசம் என்றால்தான் வருவார்கள் என்று நினைப்பவர்கள் தாய்மாரிடம் பேசியதில்லை. நாளுக்கு ஐம்பது ரூபாயை மழுப்பாமல் கொடுக்கிறார்கள். வருமானத்தைப் பார்த்து பத்து, இருபது என்று வாங்கிக்கொண்டு, ஒற்றைத் தாய்க்கும் சித்தாளுக்கும் விட்டுவிடலாம். அவர்கள் கேட்பது நேரம். காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை, ஞாயிறு வேலை இருந்தால் ஞாயிறும். ஒன்றரை ஷிப்ட் முறையே தவறு, எட்டு மணி நேரத்துக்குமேல் வேலை வாங்குவதைத் தடுக்காமல் காப்பகத்தை நீட்டினால் சுரண்டலுக்கு அரசே துணை போவதாகிவிடும் என்று தொழிற்சங்க நண்பர் ஒருவர் சொன்னார். மறுக்க முடியாத வாதம். அந்தப் போராட்டம் முடியும்வரை பிள்ளை எங்கே இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் மனைவியும் செக்கிங்கில்தான் இருக்கிறார். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அன்று சாயங்காலம் ஆயாவின் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயிலில் தகரம் ஏறியிருந்த சூடு இன்னும் இறங்கவில்லை. மூன்றில் சின்னது மடியிலேயே தூங்கிவிட்டது. அட்டைத் துண்டு ஒன்றால் விசிறிக்கொண்டே பேசினார். அரசாங்கத்தில் சொல்லி என்ன ஆக வேண்டும் என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார், பணி நிரந்தரத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தச் சாவிய ராத்திரி வரைக்கும் எங்கிட்டயே வுட்டு வெக்கச் சொல்லுங்க சார். அங்கயே வெச்சுப் பாத்துக்குவேன். அங்க ரெண்டு ஃபேன் இருக்குது."